அடைக்கலம் தந்த ஜாம் சாகிப்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

முன்னுரை

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி திருக்கோயிலுக்குக் கீழை வாயிலால் நுழைவோர் அவ்வழியே திரும்பாமல் வேறு வாயிலால் வெளியேறுவது வழக்கம். வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரமகத்தி அவன் திரும்பி வருவான் என்று கீழை வாயிலில் இன்னும் காத்து நிற்பதாகத் தலபுராணம் கூறுகிறது. துரத்தப்பட்டவன் உள்ளே புகுந்தான். துரத்தியது வாசலோடு நின்றுவிட்டது. சிறு வயதில் என் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாயிலைக் கடக்கும்போது எனக்கு அச்சமாக இருக்கும். இப்போது நினைத்துப் பார்த்தால் அடைக்கலம் என்ற சொல்லுக்கு எனக்குக் கிடைத்த முதற் பாடம் அதுவே எனத் தோன்றுகிறது.

அடைக்கலம் என்பது தமிழருக்குப் புதிய சொல்லன்று. சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். மாதரி அரசியல்லள், செல்வம் படைத்தவளும் அல்லள், மோர் விற்றுப் பிழைத்தவள். ஆயினும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டோரைக் காக்க இயலாமற் போயிற்றே என்று தீப்புகுந்து உயிர் நீத்தாள். அடைக்கலம் கொடுப்பவர் எத்துணைப் பெரிய பொறுப்பை ஏற்கிறார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின் போது ஐரோப்பாவில் இட்லரின் படைகள் யூத மக்களை வேட்டையாடியதையும், அம்மக்களை எளிய குடும்பங்கள் பரணிலும் நிலவறையிலும் மறைத்துக் காத்ததையும் வரலாற்று நூல்களில் படிக்கிறோம். அதே போரால் வீடும் பெற்றோரும் இழந்த ஐரோப்பியக் குழந்தைகளுக்கு நம் இந்திய மண்ணிலும் ஒரு கதவு திறந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அக்கதவைத் திறந்தவர் நவநகர் சமஸ்தானத்தின் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி ஆவார். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

குஜராத்தின் மேற்குப் பகுதியில் கத்தியவார் தீபகற்பம் உள்ளது. அங்கே கட்சு வளைகுடாவின் கரையில் ஜாம்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த அரசு நவநகர். அதன் மன்னர்க்கு ஜாம் சாகிப் என்பது பரம்பரைப் பட்டம். அந்த அரச குடும்பத்தில் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் திக்விஜய்சிங்ஜி பிறந்தார்.

இவர் தந்தையின் உடன்பிறந்தவரான ரஞ்சித்சிங்ஜியைக் கிரிக்கெட் விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர் அனைவரும் அறிவர். இங்கிலாந்து அணியில் விளையாடிப் பெரும் புகழ் பெற்ற அவர் பெயரால்தான் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் நடைபெறுகின்றன. ரஞ்சித்சிங்ஜிக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதலின் உடன்பிறந்தவர் மகனாகிய திக்விஜய்சிங்ஜியையே வாரிசாக ஏற்றுக்கொண்டார். பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றல் என்பது இவருடைய வாழ்வில் முதலில் இவருக்கே நிகழ்ந்தது. பின்னாளில் இவர் செய்த செயலை நோக்குங்கால் இது நினைக்கத் தக்கது.

இராஜ்கோட்டில் இராஜ்குமார் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தில் மால்வர்ன் கல்லூரியிலும், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். 1919இல் இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து 1931 வரை பணியாற்றினார். 1933ஆம் ஆண்டு ரஞ்சித்சிங்ஜி மறைந்தபின் அரியணை ஏறினார். 1935இல் சிரோகி அரச குடும்பத்துக் குலாப் குன்வர்பாவை மணந்தார். இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும், சுதேச மன்னர்கள் கூடிய மன்னர் மன்றத்தின் வேந்தராகவும் விளங்கினார்.

இளமையில் இவர் உள்ளத்தில் பதிந்த ஒரு நட்பையும் இங்கே கூறுதல் வேண்டும். ரஞ்சித்சிங்ஜிக்குச் சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு மாளிகை இருந்தது. போலந்து நாட்டின் பெரும் பியானோ இசைக் கலைஞரும், அந்நாட்டின் பிரதமராக இருந்தவருமான பதெரெவ்ஸ்கி அப்பகுதியில் வாழ்ந்து வந்தார். அங்கே அவரைச் சந்தித்த திக்விஜய்சிங்ஜிக்குப் போலந்தின் மீது பற்று ஏற்பட்டது. தொலைதூர நாட்டின் பெயர் ஒரு மனிதரின் முகத்தோடு சேர்ந்து நினைவில் நின்றுவிட்டால், அந்நாட்டுத் துன்பம் பிறகு வெறும் செய்தியாக இருப்பதில்லை.

போலந்தின் துயரம்

1939 செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்தின் மீது படையெடுத்தது. அதே மாதம் 17ஆம் நாள் சோவியத்துப் படைகள் கிழக்கிலிருந்து நுழைந்தன. இரண்டு வல்லரசுகள் ஒரு நாட்டை நடுவில் பிளந்து பங்கிட்டுக் கொண்டன. மேற்குப் பகுதியில் யூதர்கள் தனிச் சேரிகளில் அடைக்கப்பட்டனர். பின்னர் கொலைக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கிழக்குப் பகுதியிலோ மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. 1940 பிப்ரவரியில் தொடங்கி நான்கு கட்டங்களாக இலட்சக்கணக்கான போலந்து மக்கள் சரக்கு இரயில்களில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்டனர். நள்ளிரவில் கதவைத் தட்டிச் சில மணித் துளிகளில் கிளம்பச் சொன்னார்கள். போர்வையையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு குழந்தை குட்டிகளுடன் அவர்கள் வண்டி ஏறினர்.

பனிக் காட்டில் மரம் வெட்டும் வேலை. குளிரும் பசியும் காய்ச்சலும் பெற்றோர்களை வாரிக்கொண்டு போயின. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத்து நாட்டையே தாக்கியதும் நிலைமை மாறிற்று. இலண்டனில் இயங்கிய போலந்து அரசின் பிரதமர் ஜெனரல் சிகோர்ஸ்கி சோவியத்து அரசோடு ஜூலை மாதம் உடன்படிக்கை செய்துகொண்டார். நாடு கடத்தப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில் போலந்துப் படை ஒன்று திரட்டப்பட்டது. அப்படையை நோக்கித் தெற்கே நடந்தவர்களின் கூட்டத்தில் அனாதைக் குழந்தைகள் ஏராளம். தாய் வழியில் இறந்திருப்பாள். தந்தை எங்கே என்று தெரியாது. பத்து வயது அக்காள் ஐந்து வயதுத் தம்பியைச் சுமந்து வந்திருப்பாள். அவர்களுக்காக ஆஷ்காபாத் முதலிய ஊர்களில் அனாதை விடுதிகள் அமைக்கப்பட்டன. ஆனால் அங்கேயும் உணவில்லை. அவர்களை எந்த நாடு ஏற்கும் என்ற வினா எழுந்தது.

லாரிகளில் வந்த குழந்தைகள்

அப்போது பம்பாயில் போலந்தின் தூதராக இருந்தவர் பனசின்ஸ்கி. அவரும் அவர் மனைவி கீரா அம்மையாரும் இந்தியாவில் இக்குழந்தைகளுக்கு இடம் தேடி அலைந்தனர். போர்க்காலத்தில் ஐரோப்பிய அகதிகளை ஏற்பதில் ஆட்சியாளர்க்கு ஆயிரம் தயக்கங்கள் இருந்தன. செலவை யார் ஏற்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, போர் முடிந்தால் எங்கே அனுப்புவது என்று கேள்விகள் நீண்டன. அச்சமயத்தில் தம் நாட்டில், தம் அரண்மனைக்கு அருகிலேயே இடம் தருவதாக முன்வந்தவர் ஜாம் சாகிப்.

இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒரு கதை பரவலாக வழங்குகிறது. குழந்தைகளை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகம் துறைமுகமாகத் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் நவநகர்க் கரையில் ஒதுங்கியது என்பது அக்கதை. கேட்பதற்கு உருக்கமாக இருப்பினும் முதற் குழந்தைகள் வந்தது கடல் வழியாக அன்று; தரை வழியாக. இந்தியாவிலிருந்து நிவாரணப் பொருள்களை ஏற்றிச் சென்ற லாரிகள், திரும்பி வரும்போது ஆஷ்காபாத்திலிருந்து குழந்தைகளை ஏற்றி வந்தன. பாரசீகத்தின் மஷாத் நகர் வழியாக, மலையும் பாலையும் கடந்து அந்த லாரிகள் வந்தன. போலந்தின் புகழ்பெற்ற பாடகி ஓர்தோனுவ்னா நோயுற்ற உடலோடு குழந்தைகளுக்குத் துணையாக வந்தார். 1942 ஏப்ரலில் பம்பாயை அடைந்த குழந்தைகள் பாந்திராவில் சில மாதங்கள் தங்க வைக்கப்பட்டனர். ஜூலை மாதம் அவர்கள் பாலாச்சடிக்கு வந்து சேர்ந்தனர்.

அந்த லாரிகளை ஓட்டியவர்கள் யார்? அவர்களுடைய பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. எலும்பும் தோலுமான வெள்ளைக் குழந்தைகளைக் குழியும் மேடுமான மலைப்பாதையில் கீழே விழாமல் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தாம். மன்னர் வாழ்க்கையை எழுதும்போது இவர்களை மறந்துவிடலாகாது.

பாலாச்சடி முகாம்

ஜாம்நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையை ஒட்டிய சிற்றூர் பாலாச்சடி. மன்னரின் கோடை மாளிகை அங்கே இருந்தது. அதன் அருகே நீண்ட ஓட்டுக் கொட்டகைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. கட்டில்கள் போடப்பட்டன. பள்ளிக்கூடம், மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியன அமைந்தன. புளுத்தா என்னும் பாதிரியார் முகாமின் தலைவரானார்.

குழந்தைகள் வந்து சேர்ந்தபோது மன்னர் நேரில் சென்று அவர்களை வரவேற்றார். இனித் தங்களை அனாதைகள் என்று அவர்கள் கருத வேண்டியதில்லை என்றும், நவநகர் மக்கள் தம்மைப் பாபு என்று அழைப்பதால் இனி அவர்களுக்கும் தாம் பாபு என்றும் கூறினார். பாபு என்றால் குஜராத்தியில் தந்தை. கேட்டவர்கள் குழந்தைகள். அவர்களுக்கு மொழியும் புரியாது. மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு புரிந்த அந்த ஒரு சொல்லை அவர்கள் எண்பது வயதிலும் மறக்கவில்லை.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அம்முகாமில் வாழ்ந்தனர். வந்து சென்றோர் அனைவரையும் சேர்த்து ஆயிரம் பேர் வரை என்று சொல்வாரும் உண்டு. பெரும்பான்மையோர் கத்தோலிக்கக் கிறித்தவர். யூதக் குழந்தைகளும் சிலர் இருந்தனர். பெருங்கூட்டமாக வந்த யூத அனாதைக் குழந்தைகள் வேறு வழியாகச் சென்றனர். தெஹ்ரான் குழந்தைகள் என்று பெயர் பெற்ற அவர்கள் எழுநூறுக்கும் மேற்பட்டோர்; கராச்சி வழியாகக் கப்பலில் சென்று 1943 பிப்ரவரியில் பாலஸ்தீனத்தை அடைந்தனர்.

முதற் சிக்கல் உணவில் எழுந்தது. நம் நாட்டுக் காரமும் மசாலையும் அவர்கள் நாவுக்கு ஒவ்வவில்லை. பட்டினி கிடந்து சுருங்கிய வயிறு அதை ஏற்கவும் இல்லை. மன்னர் கோவாவிலிருந்து சமையற்காரர்களை வரவழைத்து, அவர்கள் வழக்கப்படி சமைக்க ஏற்பாடு செய்தார். கீரையைப் பற்றி ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியும் உண்டு. தினந்தோறும் வைத்த கீரையைத் தின்ன மாட்டோம் என்று பிள்ளைகள் ஒன்றுகூடி மறுத்துவிட்டார்கள். செய்தி மன்னர் காதுக்கு எட்டியதும் இனிக் கீரை சமைக்க வேண்டாம் என்று உத்தரவிட்டாராம். முகாமில் வளர்ந்தவர்கள் முதுமையிலும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சைபீரியாவில் ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்கிய குழந்தைகள், ஓராண்டுக்குள் கீரை வேண்டாம் என்று அடம் பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள் என்றால், அந்த முகாம் எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். தாய் வீட்டில்தான் பிள்ளைகள் அடம் பிடிக்கும்.

உணவும் உறைவிடமும் தந்ததோடு மன்னர் நின்றுவிடவில்லை. அவர்கள் தம் தாய்மொழியிலேயே படித்தனர். தம் சமயப்படி வழிபட்டனர். முகாமில் போலந்துக் கொடி பறந்தது. சாரணர் இயக்கம் நடந்தது. கால்பந்து ஆடினர், நாடகம் நடித்தனர், நாட்டுப்புற நடனம் ஆடினர். அந்த நாடகங்களைக் காண மன்னரும் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அடைக்கலம் கொடுத்தோம் என்பதற்காக அவர்களைத் தம்மைப் போல் மாற்ற அவர் முயலவில்லை. ஒருநாள் அவர்கள் ஊர் திரும்பக்கூடும். அப்போது தம் மொழியும் பாட்டும் மறந்தவர்களாகத் திரும்பலாகாது என்று கருதினார். இதுவே இவருடைய அடைக்கலத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

மன்னர் மன்றத்தில் தமக்கிருந்த செல்வாக்கைப் பயன்படுத்திப் பிற சுதேச மன்னர்களையும் உதவத் தூண்டினார். டாட்டா முதலிய தொழிலதிபர்களும் நன்கொடை அளித்தனர். பின்னர் கோலாப்பூர் சமஸ்தானத்தில் வலிவடே என்னும் இடத்தில் பெரிய முகாம் ஒன்று எழுந்தது. தாய்மாரும் முதியோரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ ஐயாயிரம் போலந்து மக்கள் அங்கே வாழ்ந்தனர்.

அந்த ஆண்டுகளில் நம் நாடு

இவ்வளவையும் படிக்கும்போது ஒரு வினா எழுவது இயல்பு. அந்த ஆண்டுகளில் நம் மக்கள் எப்படி இருந்தார்கள்?

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். அங்கே பிழைக்கப் போயிருந்த நம்மவர் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். அவர்களில் தஞ்சை மாவட்டத்தாரும் இருந்தனர். வழியில் இறந்தவர் பலர். பர்மா அரிசி வருவது நின்றது. 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது, இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்துத் தலைவர்கள் சிறையில் இருந்தனர். அதே காலத்தில் ஜாம் சாகிப் ஆங்கில அரசின் போர் அமைச்சரவையில் இந்தியாவின் சார்பில் அமர நியமிக்கப்பட்டார். அவருடன் நியமிக்கப்பட்ட மற்றொருவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆற்காடு இராமசாமி முதலியார்.

ஆகவே ஜாம் சாகிப் விடுதலைப் போராட்ட வீரர் அல்லர். ஆங்கிலேயருக்கு வேண்டியவராகவே இருந்த மன்னர். மன்னராட்சியில் குடிமக்களுக்கு இருந்த உரிமைகள் சொற்பமே. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது வரலாறு ஆகாது. ஆனால் நம் வீட்டிலேயே பஞ்சம் என்று சொல்லிக் கதவைச் சாத்த அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் சாத்தவில்லை. தம்மிடம் நிறைய மிஞ்சும் காலம் வரும்வரை காத்திருந்து உதவியவர் உலகில் எவரேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தால், இச்செயலின் அருமை விளங்கும்.

தந்தையான மன்னர்

1945இல் போர் முடிந்தது. போலந்தில் சோவியத்து ஆதரவு பெற்ற புதிய அரசு அமைந்தது. குழந்தைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. எந்த அரசு தம்மைச் சைபீரியாவுக்குக் கடத்தியதோ அதன் கைப்பிடியில் இருக்கும் நாட்டுக்குத் திரும்ப அக்குழந்தைகள் அஞ்சினர். வளர்ந்த ஊர்கள் பலவும் சோவியத்து எல்லைக்குள் போய்விட்டன. பெற்றோர் இல்லாத குழந்தைகளைச் சட்டப்படி யார் பொறுப்பில் வைப்பது என்ற சிக்கலும் தோன்றியது.

ஜாம் சாகிப் இதற்கு ஒரு வழி கண்டார். முகாமின் தலைவரான புளுத்தா பாதிரியாருடனும், தொடர்பு அதிகாரியாக இருந்த கிளார்க் என்ற ஆங்கிலேயருடனும் சேர்ந்து, அனாதைக் குழந்தைகளைச் சட்டப்படி தத்தெடுத்துக் கொண்டார். தத்துப் பிள்ளைகளை எவரும் வலிய அனுப்ப முடியாதல்லவா? 1942இல் வாய்ச்சொல்லாகச் சொன்ன பாபு என்ற உறவு இப்போது கையெழுத்தும் முத்திரையும் பெற்றது. தந்தை என்று சொல்வது எளிது. தந்தையாகப் பத்திரத்தில் கையொப்பமிடுவது அவ்வளவு எளிதன்று.

1946இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. குழந்தைகள் வலிவடேக்குச் சென்று, அங்கிருந்து இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளுக்குப் பிரிந்தனர். சிலர் போலந்துக்கே திரும்பினர். அவர்களை வழியனுப்ப மன்னர் நேரில் வந்தார்.

பிற்கால வாழ்வு

1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவோடு இணைவதற்கு முன்வந்த மன்னர்களுள் ஜாம் சாகிப் ஒருவர். 1948இல் கத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றிணைந்து சௌராஷ்டிரா மாநிலமாயின. அதன் இராஜப்பிரமுகராக இவர் பொறுப்பேற்று 1956 வரை அப்பதவியில் இருந்தார். ஐக்கிய நாடுகள் அவைக்குச் சென்ற இந்தியக் குழுவிலும் இடம் பெற்றார். சோமநாதர் ஆலயத் திருப்பணியிலும் பெரும்பங்கு கொண்டார். 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

போர்க்காலத்தில் ஜெனரல் சிகோர்ஸ்கி இவருக்கு எவ்வாறு கைம்மாறு செய்வது என்று வினவியபோது, விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயரைச் சூட்டினால் போதும் என்று விடையிறுத்ததாகக் கூறுவர். சிகோர்ஸ்கி 1943இல் விமான விபத்தில் மறைந்தார். போலந்தில் அமைந்த ஆட்சியோ சைபீரியா என்ற சொல்லையே கேட்க விரும்பாத ஆட்சி. எனவே மன்னர் உயிரோடிருந்தவரை அவ்வாக்கு நிறைவேறவில்லை. 1989இல் அங்கே ஆட்சி மாறியபின் முகாமில் வளர்ந்தவர்கள் வாய் திறந்து பேசத் தொடங்கினர். வார்சா நகரில் ஒரு பள்ளிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. 2012இல் அந்நகரின் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் என்று பெயர் வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் அங்குள்ள நினைவுச் சின்னத்துக்கு மலரஞ்சலி செலுத்தினார். பாலாச்சடியில் முகாம் இருந்த இடத்தில் இப்போது சைனிக் பள்ளி நடைபெறுகிறது. அந்த இடத்தில் பிள்ளைகளின் ஓசை ஓயவில்லை என்பது மகிழத்தக்க செய்தி.

அரசரும் எளியோரும்

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜாம் சாகிப் பொருளைக் கொடுத்தார், நிலத்தைக் கொடுத்தார், அன்பைக் கொடுத்தார். ஆனால் அவர் உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லை. ஐரோப்பாவில் யூதர்களை மறைத்து வைத்த எளியவர்களின் நிலையோ வேறு.

ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வணிக நிலையம் ஒன்றில் வேலை பார்த்த மீப் கீஸ் என்ற பெண்மணியும் உடன் பணியாற்றியவர்களும், ஆன் பிராங்க் என்ற சிறுமியின் குடும்பத்தார் உள்ளிட்ட எட்டுப் பேரை அலுவலகத்தின் பின்கட்டில் மறைத்து ஈராண்டுகள் உணவளித்தனர். டென்மார்க்கில் 1943 அக்டோபரில் மீனவர்கள் தம் படகுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைச் சுவீடன் நாட்டுக்குக் கடத்திக் காப்பாற்றினர். போலந்திலோ யூதருக்கு உதவினால் மரண தண்டனை என்று ஜெர்மானியர் அறிவித்திருந்தனர். அங்கே மார்க்கோவா என்னும் சிற்றூரில் யோசேப் உல்மா என்ற விவசாயி எட்டு யூதர்களைத் தம் வீட்டில் வைத்திருந்தார். 1944 மார்ச்சு 24ஆம் நாள் விடியற்காலையில் காவற்படையினர் வந்து அந்த எட்டுப் பேரையும், உல்மாவையும், கருவுற்றிருந்த அவர் மனைவியையும், ஆறு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றனர். ஏர் பிடித்துப் பிழைத்த ஒரு குடும்பம் அது. இத்தகையோரை நினைவுகூர 1963 முதல் இஸ்ரேல் நாடு தனிச் சிறப்புப் பட்டம் வழங்கி வருகிறது. இதுவரை அதனைப் பெற்றோர் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

ஜாம் சாகிப்பையும் உல்மாவையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. ஒருவர் அரண்மனை வாயிலைத் திறந்தார். மற்றவர் கூரை வீட்டுக் கதவைத் திறந்தார். விலை வேறு, செயல் ஒன்று. பாலாச்சடி முகாமும் மன்னர் ஒருவரால் மட்டும் நடந்ததன்று. லாரி ஓட்டியவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், மருந்து கொடுத்தவர்கள், புரியாத மொழி பேசும் குழந்தைகளை ஒதுக்காமல் கூட விளையாடிய ஊர்ப் பிள்ளைகள் என எத்தனையோ எளியவர்களின் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

முடிவுரை

இக்கட்டுரையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் உள்ளது. என் தந்தையும் தாயும் விவசாயக் கூலிகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்ததே, திருச்சியில் பழைய இரும்புப் பாலம் இடிந்ததே, அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இரவில் சாக்கு மூட்டையில் பாத்திரங்களையும் என் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனோம். முதலில் தட்டிய ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. அடுத்து நின்ற வீடு, என் தாயார் நாற்று நடப் போகும் வயலுக்குரியவர்களின் வீடு. அதுவரை நாங்கள் அந்த வீட்டுக் கொல்லை வாசலைத் தாண்டியதில்லை. கூலி வாங்குவதும் அங்கேதான். தண்ணீர் குடிப்பதும் அங்கேதான்.

அந்த வீட்டு ஆச்சி தெருக்கதவைத் திறந்து எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். நான்கு நாள் அங்கே இருந்தோம். இரண்டாம் நாள் காலையில் ஆச்சிக்கு முழங்கால் வலி. அடுப்பங்கரைக்குப் போய் உலை வைக்கும்படி என் தாயாரிடம் சொன்னார்கள். என் தாயார் எழுந்திருக்கவில்லை. கேட்டது சரிதானா என்று தெரியாமல் விழித்தார்கள். ஆச்சி மறுபடியும் சொன்ன பிறகே எழுந்தார்கள். அன்று அந்த அடுப்பில் வெந்த சோற்றை அவர்கள் வீட்டாரும் நாங்களும் உண்டோம். ஆச்சி அதற்கு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் அதற்குச் சில பேச்சுகள் எழுந்தன என்று பிறகு தெரிந்தது. ஆச்சி இப்போது இல்லை. ஆனால் அதன்பின் என் தாயார் அந்த வீட்டுக்குத் தெருவாசல் வழியாகவே போய் வருகிறார்கள்.

பாலாச்சடியைப் பற்றி நூலகத்தில் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மன்னரின் மாளிகை அன்று, அந்த அடுப்பங்கரைதான். ஒருவருக்கு இடம் கொடுப்பது ஒன்று. அவரை நம்மவராக வைத்துக்கொள்வது மற்றொன்று. ஜாம் சாகிப் செய்தது இரண்டாவது. மாதரி செய்தது அது. உல்மா உயிரைக் கொடுத்துச் செய்ததும் அதுவே.

மாணவ நண்பர்களே, நாம் பட்டம் பெற்று வேலைக்குச் செல்வோம்; வீடு கட்டுவோம்; அந்த வீட்டுக்குக் கதவும் போடுவோம். என்றேனும் ஓரிரவில் யாரோ அதைத் தட்டக்கூடும். தட்டுபவர் நம் மொழியினராக, நம் தெருவினராக இருக்க மாட்டார். அப்போது நம் வீட்டிலும் ஏதாவது ஒரு பஞ்சம் இருக்கத்தான் செய்யும். விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறக்காமல் இருப்பதா, எழுந்து சென்று தாழ்ப்பாளை நீக்குவதா என்பதை அந்த நொடியில் முடிவு செய்ய இயலாது. முன்னமே மனத்தில் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நான் முடிவு செய்துவிட்டேன். அதற்கு நவநகர் மன்னர் ஒருவரும், எங்கள் ஊர் ஆச்சி ஒருவரும் எனக்கு வழிகாட்டிகள்.